யார் கேட்ட சேவை? ஒரு தங்க விருதும் சனிக்கிழமைக் கடித மேசையும்

கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் இருக்கும் சனசமூக நிலையம் அது. ஏ9 வீதியில் இருந்து கிரவல் பாதையில் இறங்கி, வயலையும் ஒரு சிறிய குளத்தையும் தாண்டிப் போக வேண்டும். நான் போனது ஒரு சனிக்கிழமை பின்னேரம். உள்ளே ஒரு மேசை, மூன்று பிளாஸ்ரிக் கதிரைகள், சுவரோரமாக ஒரு நீள வாங்கு. வாங்கில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரின் மடியிலும் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, காணி அனுமதிப்பத்திரம், மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பழைய கடிதங்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வந்த பழக்கம். வீடு கட்டி அலுமாரி வாங்கிய பிறகும் எங்களுடைய சனம் ஆவணங்களைப் பொலித்தீன் பையில்தான் வைத்திருக்கிறது.

முதலில் எழுந்து வந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "தம்பி, இது போன கிழமை வந்தது. என்னெண்டு பார் ராசா" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் அதை விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். தடுமாறிய இடங்களில் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் திருத்தினார். "அம்மா, காணி விசாரணை ஒண்டுக்கு வரச் சொல்லியிருக்கு. வாற செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு. அனுமதிப்பத்திரத்தின்ர மூலப்பிரதியும் கொண்டுபோகோணும்." அம்மா கிழமையையும் நேரத்தையும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அந்த இளைஞருக்கு வயது 22. உயர்தரம் முடித்துவிட்டு ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்த மேசையை அவர் போட்டது ஒரு விருதுக்காக. எடின்பரோ கோமகன் சர்வதேச விருதின் தங்க நிலைக்கு அவர் பதிவு செய்திருக்கிறார். அதை அவர் மறைக்கவில்லை. "விருதுக்கெண்டுதான் அக்கா தொடங்கினனான்" என்றார்.

விருதுக்காகச் செய்யும் சேவை சேவையாகுமா என்ற கேள்வியோடுதான் நான் அங்கே போயிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குள் வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன் இந்த விருது என்ன, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஓர் அகதி ஆசிரியரின் யோசனை

விருதின் பெயரில் ஒரு பிரித்தானிய இளவரசர் இருக்கிறார். ஆனால் அதன் மூல யோசனை கேர்ட் ஹான் என்ற ஜேர்மன் யூத ஆசிரியருடையது. 1886 இல் பேர்லினில் பிறந்த ஹான், முதலாம் உலகப்போருக்குப் பிறகு 1920 இல் தெற்கு ஜேர்மனியில் சாலெம் என்ற பாடசாலையைத் தொடங்கினார். 1932 இல் நாசிக் கட்சியினர் சிலர் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண் முன்னால் அடித்துக் கொன்றார்கள். கொலையாளிகளுக்கு ஹிட்லர் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். உடனே ஹான் தன்னுடைய பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஹிட்லரா சாலெமா என்று தெரிவு செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஹான் கைது செய்யப்பட்டார். விடுவிக்கப்பட்ட பின் பிரித்தானியாவுக்குத் தப்பிப் போனார்.

1934 இல் அவர் ஸ்கொட்லாந்தில் கோர்டன்ஸ்ரன் பாடசாலையைத் தொடங்கினார். அங்கே மாணவர்கள் படிப்போடு கடலோரக் காவலுக்கும் தீயணைப்புக்கும் பழக வேண்டும். இளையோரிடம் உடல் வலுவும் சுயமுயற்சியும் இரக்கமும் குறைந்து வருகின்றன என்று அவர் கருதினார். இரக்கத்தைப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது, ஆபத்தில் இருக்கும் இன்னொரு மனிதருக்கு உதவப் போனால்தான் அது வரும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் பாடசாலையில் படித்த பிலிப் இளவரசர் 1956 இல் பிரித்தானியாவில் இந்த விருதைத் தொடங்கினார். 1953 இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட குழுவின் தலைவரான ஜோன் ஹன்ட் அதன் முதல் பணிப்பாளர். முதலில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், 1958 இல் இருந்து பெண் பிள்ளைகளுக்கும். இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த விருது இருக்கிறது. இலங்கையில் இதை நடத்துவது தேசிய இளைஞர் விருது அதிகார சபை.

1956 என்ற ஆண்டு எங்களுக்கு வேறொன்றையும் நினைவுபடுத்தும். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் வந்த ஆண்டும் அதுதான். அந்த அம்மாவின் கையில் இருந்த கடிதத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அதற்கும் பிறகு வருகிறேன்.

என்ன செய்ய வேண்டும்?

இந்த விருது போட்டி இல்லை. ஒரு பாடசாலைக்கு ஒருவர், ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கும் இல்லை. தனக்கென்று குறித்த இலக்கை முடிக்கும் எல்லோருக்கும் உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள். வெண்கலத்தை 14 வயதிலும், வெள்ளியை 15 இலும், தங்கத்தை 16 இலும் தொடங்கலாம். 25ஆவது பிறந்தநாளுக்கு முன் முடிக்க வேண்டும். பாடசாலையில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஒவ்வொரு நிலையிலும் நான்கு பகுதிகள் உண்டு: சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம். தங்கத்துக்கு ஐந்தாவதாக ஒரு தங்கிச் செய்யும் திட்டமும் உண்டு. முன்பின் பழக்கமில்லாதவர்களோடு ஐந்து நாட்கள், நான்கு இரவுகள் தங்கி ஒரு பொது வேலையைச் செய்ய வேண்டும்.

தங்க நிலையில் சேவை, திறன், உடற்பயிற்சி மூன்றையும் 12 மாதங்கள் வீதம் செய்ய வேண்டும். கணக்கு, கிழமைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். வெள்ளி எடுக்காமல் நேரே தங்கத்துக்கு வருபவர் ஒரு பகுதியை இன்னும் ஆறு மாதம் தொடர வேண்டும். அதாவது குறைந்தது ஒன்றரை வருடம். சாகசப் பயணம் நான்கு பேர் முதல் ஏழு பேர் வரையான குழுவாகப் போவது. தங்கத்துக்கு நான்கு நாட்கள், மூன்று இரவுகள், நாளுக்குக் குறைந்தது எட்டு மணித்தியால முயற்சி. அதற்கு முன் பயிற்சிப் பயணமும் போக வேண்டும்.

எங்கள் இளைஞர் திறன் பகுதிக்குச் சிங்கள வாசிப்பையும் எழுத்தையும் எடுத்தார். உடற்பயிற்சிக்குக் கரப்பந்தாட்டம். பயணம் நான்கு நண்பர்களோடு துவிச்சக்கரவண்டியில், இரணைமடுவில் தொடங்கி குளம் குளமாக. வன்னியில் இப்படியான பயணம் என்றால் நாங்கள் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றினார்கள். பாதையைத் தெரிவு செய்யும்போது கிராம அலுவலரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு, சனம் நாளாந்தம் பாவிக்கும் பாதையால் மட்டும் போக வேண்டும். கூடாரம் அடிக்கப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. இவர்கள் இரவில் பாடசாலைகளில் தங்கினார்கள்.

சாரணர் விருது ஏன் கிடைக்கவில்லை?

எங்களுடைய பிள்ளைகளுக்கு இதைவிட நன்கு தெரிந்தது ஜனாதிபதி சாரணர் விருது. 1907 இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முகாமில் இருந்து பிறந்த சாரணியம், 1912 இல் மாத்தளையில் இலங்கைக்கு வந்தது. 1917 இல் கண்டியில் பெண் சாரணியம் தொடங்கியது. சாரணருக்கு இங்கே உள்ள மிக உயர்ந்த விருது ஜனாதிபதி விருது. நல்லூர்த் திருவிழாவில் வெயிலில் நின்று வழிவிடும் சாரணப் பிள்ளைகளை எல்லோரும் கண்டிருப்போம்.

இந்த இளைஞருக்கும் அதில்தான் முதலில் ஆசை. ஆனால் அவருடைய பாடசாலையில் சாரணர் துருப்பு இருக்கவில்லை. 2010 இல் மீளத் திறந்தபோது தறப்பாளுக்குக் கீழே வகுப்பு நடந்த பாடசாலை. பயிற்றப்பட்ட சாரண ஆசிரியர் ஒருவர் வந்தார், இரண்டு வருடத்தில் இடமாற்றம் பெற்றுப் போனார். சாரணர் விருதை 18 வயது நிறைவதற்கு முன் முடிக்க வேண்டும். விசாரிக்கத் தொடங்கியபோது இவருக்குப் பதினேழரை வயது. முன்னால் உயர்தரப் பரீட்சை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. எந்தத் தாய் பிள்ளையைக் கயிறு கட்டப் பழகப் போ என்று அனுப்புவார்?

இது இவர் ஒருவருடைய கதை இல்லை. துருப்பு, ஆசிரியர், சீருடைக்குக் காசு, முகாமுக்குப் போக வாகனம் எல்லாம் இருக்கிற நகரப் பாடசாலைப் பிள்ளைக்கு விருது எட்டும் தூரத்தில் இருக்கிறது. வன்னியின் உட்கிராமத்துப் பிள்ளையின் திறமை குறைவென்று இதற்கு அர்த்தமில்லை. ஏறப் படியே இல்லாத இடத்தில் நிற்கிறது அந்தப் பிள்ளை. 25 வயது வரை இடம் தருகிற இரண்டாவது வழியைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

நானும் ஒரு புகைப்படத்தில் இருக்கிறேன்

இப்போது என்னுடைய காரணத்தைச் சொல்கிறேன்.

2009 இல் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். ஒரு நாள் வெளியூர் இளைஞர் குழு ஒன்று பாடசாலைப் பைகள் கொண்டுவந்தது. எங்களை வயது வரிசையில் நிற்க வைத்தார்கள். பையை ஒரு கையால் அவர்களும் மறு கையால் நாங்களும் பிடித்திருக்க, படம் எடுத்தார்கள். படம் சரியாக வராததால் என்னிடம் கொடுத்த பையைத் திருப்பி வாங்கி, இன்னொரு தரம் தந்தார்கள். நான் சிரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பை எனக்குத் தேவைப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் படம் யாருடைய அறிக்கையிலோ இன்றும் இருக்கும் என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை.

அதே முகாமில், பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு அக்கா ஒவ்வொரு நாளும் பின்னேரம் எங்களை மண்ணில் இருத்திக் கணிதம் சொல்லித் தந்தார். அவருடைய தம்பி செல்லடியில் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கரும்பலகை இல்லாமல் ஒரு மட்டையில் கரியால் எழுதினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை முகாமுக்குள்ளேயே நடந்தது. எழுதிய அண்ணாமார், அக்காமார் பலர் அப்படிப் படித்தவர்கள்தான். அந்த அக்காவைப் படமெடுக்க யாரும் வரவில்லை. விருதும் கிடைக்கவில்லை.

சேவை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

முதல் திட்டம் கைவிடப்பட்டது

இளைஞரின் முதல் திட்டமும் பைதான். வெளிநாட்டில் இருக்கும் மாமா காசு அனுப்பச் சம்மதித்திருந்தார். ஐம்பது பிள்ளைகளுக்குப் பை, கொப்பி, ஒரு பதாகை, ஒரு பிரதம விருந்தினர். திட்டத்தை அவர் தபால் உத்தியோகத்தரிடம் காட்டினார். அவர் சனசமூக நிலையத்தின் முன்னாள் செயலாளர். இரண்டு கேள்விதான் கேட்டாராம். "இதை உன்னட்டை ஆர் கேட்டது?" "பை குடுத்த அடுத்த நாள் உனக்கு என்ன வேலை?"

அந்த இரண்டு கேள்விகளையும் உலகின் பல இளைஞர் விருதுகள் சட்டமாகவே வைத்திருக்கின்றன. அமெரிக்கச் சாரணரின் உயர் விருதான கழுகுச் சாரணர் விருதுக்கு 21 திறமைச் சின்னங்களோடு ஒரு சேவைத் திட்டமும் வேண்டும். அந்தத் திட்டம் சாரணர் அமைப்பு அல்லாத ஒரு சமய நிறுவனத்துக்கோ பாடசாலைக்கோ ஊருக்கோ பயன்பட வேண்டும். தொடங்க முன்னரே பயன்பெறப் போகிறவர்களின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். காசு சேர்த்துக் கொடுப்பது மட்டும் திட்டமாகாது. பிள்ளை தனியே உடம்பு முறிய வேலை செய்வதும் போதாது, மற்றவர்களை ஒழுங்குபடுத்தி வழிநடத்த வேண்டும். அமெரிக்கப் பெண் சாரணியரின் தங்க விருது இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரச்சினையின் வேரைத் தொட வேண்டும், விருது பெற்றவர் விலகிய பிறகும் பலன் தொடர வேண்டும் என்கிறது.

இளைஞர் பையை விட்டுவிட்டு ஒரு கொப்பியோடு வீடு வீடாகப் போனார். நாற்பதுக்கு மேற்பட்ட படலைகள். 'உங்களுக்கு என்ன தேவை' என்று கேட்டபோது எல்லோரும் வீடு, கிணறு, வேலை என்றார்கள். அது அவரால் ஏலாத காரியம். பிறகு கேள்வியை மாற்றினார்: "போன மாதம் எந்த வேலைக்கு ஆரையும் தேடித் திரிஞ்சனீங்கள்?" அப்போது ஒரே பதில் பல வீடுகளில் வந்தது. கடிதம் வாசிக்க. படிவம் நிரப்ப. செயற்கைக் கால் போட்ட ஒருவர், வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி மூன்று கிலோமீற்றர் நடந்த கதையைச் சொன்னார். ஒரு தாய் சிங்களத்தில் வந்த அழைப்பை விளம்பரம் என்று நினைத்து அடுப்படியில் செருகி வைத்து, விசாரணைத் திகதியைத் தவறவிட்டிருந்தார்.

மேசையின் சட்டங்கள்

கடித மேசை அப்படித்தான் வந்தது. அடுத்தவரின் கடிதத்தை வாசிப்பது லேசான பொறுப்பில்லை. அதற்குள் கடன் இருக்கும், வழக்கு இருக்கும், காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயர் இருக்கும். தபால் உத்தியோகத்தரோடு சேர்ந்து சில சட்டங்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு கடிதத்தை வாசிக்கும்போது மேசையில் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெரியவர். மற்றவர்கள் வாங்கில் காத்திருப்பார்கள், கேட்கும் தூரத்துக்கு வர மாட்டார்கள். கடிதத்தைப் படமெடுக்கக் கூடாது, பிரதி வைத்திருக்கக் கூடாது. படிவத்தில் ஆள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், ஆலோசனை சொல்லக் கூடாது. சட்டம் சம்பந்தப்பட்டதென்றால் இலவச சட்ட உதவிக்குப் போகச் சொல்ல வேண்டும். கையெழுத்து இட முன் முழுவதையும் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். காசு, தேங்காய், முட்டை எதுவும் வாங்கக் கூடாது. கடைசிச் சட்டத்தைத்தான் காப்பாற்றுவது கஷ்டம் என்று சிரித்தார் இளைஞர்.

பதிவுக் கொப்பியில் பெயர்கள் இல்லை. திகதி, எத்தனை பேர், கடிதமா படிவமா, எந்த மொழி, எவ்வளவு நேரம் என்பது மட்டும். விருதுக்கு மணித்தியாலக் கணக்குக் காட்ட அது போதும். சேவைப் பகுதியின் மதிப்பீட்டாளர் சனசமூக நிலையத் தலைவர். கொப்பியை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காமல், இடைக்கிடை வந்து வாங்கில் இருந்து சனத்தோடு கதைத்துவிட்டுப் போவாராம்.

அந்தக் கொப்பிதான் அடுத்த கட்டத்துக்கும் வழிகாட்டியது. வந்த கடிதங்களில் சிங்களத்தில் மட்டும் இருந்தவை எத்தனை என்பது வரிசையாகத் தெரிந்தது. 1987 இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆகவே சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்வது மட்டும் சேவை என்றால், அலுவலகம் செய்யத் தவறிய வேலையைச் சம்பளமில்லாமல் ஒரு பெடியன் செய்து கொடுத்ததாக முடிந்துவிடும்.

இப்போது மேசையில் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது. 'தங்களின் கடிதத்தைத் தமிழில் அனுப்பி வைக்கவும்' என்று நான்கு வரி. விரும்பியவர்கள் அதில் கையெழுத்திட்டு அனுப்பலாம். பதில் வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம் என்பதையும் சொல்கிறார்கள். 1991 இன் சட்டம் ஒன்றின் கீழ் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழு இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. பயந்து கையெழுத்திடாதவர்களும் உண்டு. "அவையளைக் கட்டாயப்படுத்திறேல்லை. காணிப் பிரச்சினை முடியட்டும் எண்டு பாக்கினம்" என்றார் இளைஞர். எல்லாக் கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. சிலருக்குத் தமிழ்ப் பிரதி வந்தது. முதலாவது வந்த நாளில் அந்த ஐயா அதைத் தானே சத்தமாக வாங்கில் இருந்து வாசித்தாராம்.

தாயின் சுவர்

பெயர் போட வேண்டாம் என்றதற்குக் காரணம் இளைஞரின் தாய். அவருடைய மூத்த மகன் 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தில் அவரும் இருந்தவர். இளைய மகன் ஓர் அரச நிறுவனம் நடத்தும் விருதுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று அறிந்தபோது அவர் பல நாட்கள் மகனோடு கதைக்கவில்லை.

தலைமைத்துவம், பயிற்சி, சீருடை ஆகிய சொற்கள் எங்களுடைய வீடுகளில் சும்மா சொற்கள் இல்லை. போரின் கடைசிக் காலத்தில் பிள்ளையைப் பங்கருக்குள் ஒளித்து வைத்த தாய்மார் இருக்கிறார்கள். 2011 இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களைத் தலைமைத்துவப் பயிற்சி என்று இராணுவ முகாம்களுக்கு அழைத்தபோது நெஞ்சு பதறிய பெற்றோரும் இருக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் சீருடை என்றால் பிள்ளை திரும்பி வருமா என்ற கேள்விதான் அவர்களுக்கு முதலில் வரும். இந்த விருதுக்குச் சீருடை கிடையாது. அதைக்கூட இளைஞர் தாய்க்குப் பல தரம் சொல்ல வேண்டியிருந்தது.

நான் தாயிடம் கேட்டேன். "அவன் சனத்துக்குச் செய்யிறது எனக்குச் சந்தோசம் பிள்ளை. அதில ஒரு குறையும் இல்லை. ஆனா அவையள் குடுக்கிற பத்திரத்தை இந்தச் சுவரில கொழுவ ஏலாது. இதில மூத்தவன்ர படம் இருக்கு. அவனுக்கு அவையள் இன்னும் பதில் சொல்லேல்லை" என்றார்.

மகன் பக்கத்தில்தான் இருந்தார். "கொழுவ வேண்டாம் அம்மா. பையுக்கை வைப்பம்" என்றார். தாய் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

இதற்கு எனக்கும் விடை தெரியாது. தாய்க்கு எதிராக மகனுடைய பக்கம் நிற்கவோ, மகனுக்கு எதிராகத் தாயினுடைய பக்கம் நிற்கவோ என்னால் முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். இந்த விருதை வாங்குவதால் அந்தக் கேள்வி முடிந்துபோகாது. மேசைக்கு வரும் கடிதங்களில் அதே கேள்வி வேறு வேறு வீடுகளில் இருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

உங்கள் வீட்டில் பதினான்குக்கும் இருபத்திநான்குக்கும் இடையில் ஒரு பிள்ளை இருந்தால், அவர்களோடு சேர்ந்து இதைப் பாருங்கள். பாடசாலையில் துருப்பு இருந்து வயதும் இருந்தால் சாரணர் அல்லது சாரணியர் வழி நல்லது. இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தின் இளைஞர் சேவை உத்தியோகத்தரிடம் எடின்பரோ கோமகன் விருது பற்றி விசாரிக்கலாம். பதிவு செய்த பிறகு செய்ததுதான் கணக்கில் வரும். ஆகவே முதலில் பதிவு.

சேவையைத் தெரிவு செய்ய முன் கொப்பியோடு வீடு வீடாகப் போங்கள். 'என்ன தேவை' என்று மட்டும் கேட்காமல், எதற்காக அலைந்தீர்கள் என்று கேளுங்கள். சிறியதாகத் தொடங்குங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒன்றரை வருடம் தொடர்வது, ஒரு நாளில் ஐம்பது பை கொடுப்பதைவிடக் கஷ்டம். வயோதிபர் ஒருவரைக் கிளினிக்குக் கூட்டிப் போவது, வாசிகசாலைப் புத்தகங்களைப் பதிவு செய்வது, முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது எல்லாம் சேவைதான். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒன்று: காசு அனுப்ப முன் பிள்ளையிடம் அந்தத் தபால் உத்தியோகத்தரின் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

எங்கள் இளைஞர் இன்னும் விருதைப் பெறவில்லை. ஐந்து நாள் தங்கிச் செய்யும் திட்டம் பாக்கி இருக்கிறது. சேவைக்குரிய மாதங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. மேசையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

விருதுக்காகச் செய்யும் சேவை சேவையாகுமா என்ற என்னுடைய கேள்விக்கு அன்று பின்னேரம் ஒரு பதில் கிடைத்தது. ஐந்து மணியளவில் வாங்கு காலியானது. பதினொராம் தரத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி மூன்றாவது கதிரையில் இருந்து அன்றைய கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். நீங்களும் விருதுக்குப் பதிந்தீர்களா என்று கேட்டேன். "இல்லை அக்கா. அம்மம்மான்ர கடிதம் வாசிக்க வந்தனான். அதுக்குப் பிறகு வாறனான்" என்றார்.